குச்சிப்பூச்சிப் பாடம்

அன்பு மகளுக்கு,

பருப்புப்பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி அனுப்பியிருக்கிறேன். வேளைக்குச் சாப்பிடு.

ஞாயிற்றுக்கிழமை குட்டி வீடியோவில் வந்து, பள்ளிக்கூடத்தில் ஜிப்பி என்ற குச்சிப்பூச்சியின் கதை நடக்கிறது என்றாள். 5 முதல் 7 வயதுப் பிள்ளைகளுக்கு 24 வகுப்பாமே. தோழி சேர்க்கமாட்டேன் என்றால், கோபம் வந்தால், என்ன செய்யலாம் என்று பிள்ளைகளே வழி சொல்ல வேண்டுமாம். அந்த வழியில் மனசு லேசாக வேண்டும். தனக்கும் பிறருக்கும் காயம் வரக்கூடாது. விரலை மடக்கி மடக்கிச் சொன்னாள். சாவைப் பற்றிப் பேசவும் ஒரு பாடம் உண்டாம், கல்லறைத் தோட்டத்துக்குக்கூட அழைத்துப்போவார்களாம். எனக்குத் திக்கென்றது. 31 வருடம் ஒன்றாம் வகுப்பு எடுத்தவள் நான். அழுகிற பிள்ளைக்கு ‘வாயில் விரல் வை’ என்பதற்கு மேல் ஒரு வழி சொன்னதில்லை.

பிறகு, “அம்மாவின் வழி குழாய், பாட்டி” என்றாள். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு நீ வெகுநேரம் வெளியே வருவதில்லையாம். “அது நல்ல வழியா?” என்று கேட்டாள். கோலப்பொடி தீர்ந்துவிட்டது என்று பேச்சை மாற்றிவிட்டேன்.

மாப்பிள்ளையைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. மூன்று வாரமாக அவர் முகம் திரையில் தெரியவில்லை. வேலை அதிகமாக இருக்கும். வேளைக்குச் சாப்பிடு. லண்டனில் தனியாக வேலை தேடிக்கொண்டவள் என்று நம் தெருவே உன்னை மெச்சுகிறது. அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்ல மட்டும் உனக்கு வாய் வராது.

யாரிடம் கற்றாய் என்று இரண்டு இரவாக யோசித்தேன். அரைக்க ஒன்றும் இல்லாத நாளிலும் நம் வீட்டில் கிரைண்டர் ஓடியது உனக்கு நினைவிருக்கும். தாத்தா போன அன்று உனக்குத் தலை பின்னிவிட்டு, தாத்தா தூங்குகிறார், சத்தம் போடாதே என்று பரீட்சைக்கு அனுப்பினேன். சாயங்காலம் நீ வந்தபோது கட்டில் இல்லை, வாசல் கழுவிவிட்டிருந்தது. நீ ஒன்றும் கேட்காமல் பையைக் கொக்கியில் மாட்டினாய். கணக்கில் 98. அந்த 98ஐ இத்தனை வருடமாக ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். தப்பு என்னுடையதுதான், மகளே.

இப்போது அங்கே இரவு 11 மணி என்றால் இங்கே விடியற்காலை 4.30. மார்கழியில் நான் கோலம் போட எழுந்துவிடும் நேரம். குழாயை மூடிவிட்டுக் கூப்பிடு.

அம்மா