மீனுக்கு ஒரு நியாயம், சட்டத்துக்கு ஒரு நியாயமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கையின் ஏற்றுமதிகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் தரும் ஜீஎஸ்பி பிளஸ் வரிச்சலுகை பற்றி உங்கள் பத்திரிகையில் வரும் கருத்துகளை வாசித்து வருகிறேன். "வியாபாரத்தில் மனித உரிமையைக் கலக்காதே" என்கிறார்கள் சிலர். "சலுகையை உடனே நிறுத்து" என்கிறார்கள் வேறு சிலர். இரண்டோடும் எனக்கு உடன்பாடில்லை.

முதலாவதற்குப் பதில் சுருக்கம். மனித உரிமை உள்ளிட்ட 27 சர்வதேச சமவாயங்களை (உடன்படிக்கைகளை) மதித்து நடப்போம் என்று எழுதிக் கொடுத்து, நாமே விண்ணப்பித்து வாங்கிய சலுகை இது. வாங்கும்போது வராத இறைமை, கணக்குக் கேட்கும்போது மட்டும் வருகிறது.

இரண்டாவதுதான் யோசிக்க வேண்டியது. 2010 ஆகஸ்டில் சலுகை நின்றது. அதற்கு முன் ஐரோப்பிய ஒன்றியம் 15 நிபந்தனைகளை அனுப்பி, ஒப்புக்கொண்டால் ஆறு மாதம் நீடிக்கலாம் என்றது. கொழும்பு மறுத்துவிட்டது. சலுகை இல்லாவிட்டால் ஆடைக்கு ஏறக்குறைய பத்து வீத வரி. அதை எந்த அமைச்சரும் தன் சம்பளத்திலிருந்து கட்டுவதில்லை. ஓடர் குறைந்தால், கட்டுநாயக்க வர்த்தக வலயத்தில் போர்டிங் அறையை நாலு பேரோடு பகிர்ந்துகொண்டு, மணித்தியால டார்கெட்டுக்குத் தைக்கும் பிள்ளைக்குத்தான் ஓவர்டைம் போகும். இத்தனைக்கும், சலுகை இல்லாதிருந்த அந்த ஏழு வருடமும், மாற்றியிருக்க வேண்டிய பயங்கரவாதத் தடைச்சட்டம் அசையவில்லை.

2017 மே மாதம், சட்டத்தை மாற்றுவோம் என்ற வாக்குறுதியை நம்பிச் சலுகையைத் திருப்பித் தந்தார்கள். 1979இல் தற்காலிகம் என்று சொல்லிக் கொண்டுவந்து, 1982இல் நிரந்தரமாக்கிய சட்டம் அது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகரோ அவருக்கு மேலானவரோ எடுக்கும் குற்ற ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றத்தில் சாட்சியமாக வைக்க அது இடம் கொடுக்கிறது. அந்த ஒரு தாள் எத்தனை பிள்ளைகளின் வாழ்க்கையைத் தின்றது என்று வடக்கில் யாரையும் கேட்டுப் பாருங்கள். 2021இல் ஐரோப்பிய பாராளுமன்றம் சலுகையை மீளாய்வு செய்யச் சொல்லித் தீர்மானம் போட்ட பிறகுதான், 2022இல் ஒரு திருத்தம் வந்தது. தடுப்புக்காவல் உத்தரவின் உச்சகாலம் 18 மாதத்திலிருந்து 12 மாதமானது. வாக்குமூலப் பிரிவைத் தொடவில்லை.

இனி மீனைப் பாருங்கள். நமது நெடுநாள் படகுகள் ஆழ்கடலில் சர்வதேச விதிகளை மீறுவதைக் கட்டுப்படுத்தவில்லை என்று 2015 ஜனவரியில் இலங்கை மீனுக்கு ஐரோப்பாவில் தடை விழுந்தது. படகுகளுக்குச் செய்மதிக் கண்காணிப்புக் கருவி, மீறினால் கடும் தண்டப்பணம் என்று கேட்டது தெளிவாக இருந்தது. வேலை நடந்த பிறகே, 2016 நடுப்பகுதியில், தடை நீங்கியது. ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை!

சூரை மீனும் பாதுகாப்புச் சட்டமும் ஒன்றா என்று கேட்பீர்கள். சரிதான், படகில் கருவி பூட்டுவதால் எந்த அரசும் அதிகாரத்தை இழப்பதில்லை. அதனாலேயே சட்ட விஷயத்தில் ஐரோப்பிய ஒன்றியம் வெறும் வாக்குறுதிக்கு மசியக்கூடாது என்கிறேன்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் இப்போதைய திட்டம் 2027 முடிவு வரைதான். அப்புறம் வரும் திட்டத்துக்கு, வாக்குமூலப் பிரிவை நீக்கிவிட்டு வாருங்கள் என்று இன்றைக்கே திகதி போட்டுச் சொல்லட்டும். பெயரை மாற்றி அதே பிரிவை வேறொரு சட்டத்தில் நுழைத்தால் அதைத் திருத்தமாகக் கணக்கில் எடுக்கக்கூடாது. ஆடை ஏற்றுமதியாளர்களும், பிரசல்ஸில் சலுகை கேட்கும் அதே குரலில், கொழும்பில் இந்தத் திருத்தத்தைக் கேட்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
வவுனியா