பயப்பட வேண்டியது அஜினோமோட்டோவுக்கு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அஜினோமோட்டோவில் இருக்கும் குளுட்டமேட் மூளை செல்களைக் கொன்றுவிடும் என்று போன இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். குளுட்டமேட் அளவுக்கு மீறினால் மூளை செல் சாகும் என்பது உண்மைதான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஆபத்து ஹோட்டல் ஃப்ரைடு ரைஸில் இருக்கிறது என்று வாசகர்களை அந்தப் பக்கம் திருப்பிவிட்டதுதான் எனக்கு வருத்தம்.

1969இல் அமெரிக்காவில் ஜான் ஓல்னி செய்த ஆராய்ச்சியிலிருந்துதான் இந்தப் பயம் பெரிதாகக் கிளம்பியது. பிறந்து சில நாட்களே ஆன சுண்டெலிக் குட்டிகளுக்கு, உடம்பின் எடையில் ஒவ்வொரு கிராமுக்கும் அரை மில்லிகிராமில் ஆரம்பித்து 4 மில்லிகிராம் வரை, அஜினோமோட்டோவைத் தோலுக்கடியில் ஊசியாகப் போட்டார். 50 கிலோ எடையுள்ள ஒருவருக்குக் கணக்குப் போட்டால் அது 25 முதல் 200 கிராம், அதுவும் ஊசியில். நாம் சாப்பிடும்போது குளுட்டமேட்டில் பெரும்பகுதியைக் குடல் செல்களே எரித்துத் தீர்த்துவிடுகின்றன, மீதி ரத்தத்தில் கலந்தாலும் மூளையின் பெரும்பாலான இடங்களுக்குள் அது சுலபமாக நுழைய முடியாதபடி ரத்தக்குழாய்ச் சுவரிலேயே தடுப்பு இருக்கிறது. தக்காளியிலும் குளுட்டமேட் இருக்கிறது, தாய்ப்பாலில்கூட இருக்கிறது.

சரி, அப்படியானால் கொல்லும் குளுட்டமேட் எங்கிருந்து வருகிறது? மூளைக்குள்ளிருந்தேதான். ஒரு நரம்பு செல் அடுத்த செல்லைத் தூண்டுவதற்குப் பெரும்பாலும் இதைத்தான் வெளியே விடுகிறது, வேலை முடிந்ததும் பக்கத்தில் உள்ள துணை செல்கள் நொடியில் அதை உறிஞ்சிக்கொள்கின்றன. இப்படி உறிஞ்சுவதற்கு ஓயாமல் சக்தி வேண்டும். பக்கவாதத்தில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டால் ஆக்சிஜனும் சர்க்கரையும் நின்று சில நிமிடங்களில் அந்தச் சக்தி தீர்ந்துபோகிறது, செல்லுக்குள் இருந்த குளுட்டமேட் வெளியே கொட்டுகிறது, உறிஞ்ச வேண்டிய வழியே தலைகீழாகத் திரும்பி இன்னும் கொட்டுகிறது. பக்கத்து செல்கள் ஓய்வே இல்லாமல் தூண்டப்பட, அவற்றுக்குள் கால்சியம் வெள்ளமாகப் பாய்ந்து, செல்லின் சொந்த நொதிகளே அதன் புரதங்களை அரிக்க ஆரம்பிக்கின்றன. அந்த செல்லும் செத்து, தன்னிடம் இருந்த குளுட்டமேட்டை அடுத்ததன் மேல் விடுகிறது.

அடைப்புக்கு நடுவில் உள்ள பகுதி சீக்கிரமே செத்துவிடும். ஆனால் அதைச் சுற்றியுள்ள பகுதி மணிக்கணக்கில் உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கும், காப்பாற்ற முடிவது அதைத்தான். பெரிய ரத்தக்குழாய் அடைத்து சிகிச்சை இல்லாமல் கிடந்தால் சராசரியாக நிமிடத்துக்கு 19 லட்சம் நரம்பு செல்கள் அழிகின்றன என்று ஜெஃப்ரி சேவர் என்ற நரம்பியல் மருத்துவர் 2006இல் கணக்கிட்டுச் சொன்னார்.

எங்கள் பெரியப்பாவுக்கு ஒரு நாள் சாயங்காலம் வாய் கோணிப் பேச்சு குழறியது. பித்தம் தலைக்கேறிவிட்டது, தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று சோடா கொடுத்துப் படுக்க வைத்தார்கள். விடிந்தபோது வலது கையும் காலும் வரவில்லை. அந்த வீட்டில் அன்பு இல்லாமல் இல்லை, ராத்திரி முழுக்க அவர் தலைக்குள் என்ன நடக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

குளுட்டமேட்டைத் தடுத்து நிறுத்த மருந்து கிடையாதா என்று கேட்பார்கள். 1990களில் செல்ஃபோடெல் போன்ற மருந்துகளைப் பக்கவாத நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், பலன் இல்லை. எலிகளைக் காப்பாற்றியவைதான், ஆனால் மனிதர்களுக்கு மருந்து போய்ச் சேர்வதற்குள் பல மணி நேரம் ஆகியிருந்தது, அப்புறம் யோசிக்கவும் நினைவில் வைக்கவும் அதே குளுட்டமேட் தேவைப்படுவதால் முழுசாகத் தடுத்தால் மனக்குழப்பமும் பிரமையும் வந்தன. ஆக, இன்றைக்குக் கையில் இருப்பது அடைப்பைச் சீக்கிரம் நீக்குவதுதான். ஸ்கேன் எடுத்து ரத்தக்கசிவு இல்லை என்று பார்த்துவிட்டு, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதற்குள்ளும் எவ்வளவு முன்னால் போடுகிறோமோ அவ்வளவு நல்லது.

வலிப்பிலும் இதே கதைதான். பெரும்பாலான வலிப்பு தானாக நின்றுவிடும், ஆனால் 5 நிமிடம் தாண்டியும் நிற்காவிட்டால் அது அவசரம், நீண்டுகொண்டே போனால் இதே குளுட்டமேட் நினைவாற்றலுக்கான பகுதியில் உள்ள செல்களை அழிக்கத் தொடங்கும். நம் ஊரில் இன்னும் கையில் சாவிக்கொத்தைத் திணித்துக்கொண்டு நிற்கிறார்கள். அந்த நேரத்தில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, மணியைப் பார்த்து, 108க்கு போன் செய்ய வேண்டும்.

அஜினோமோட்டோ கட்டுரைக்கு இரண்டு முழுப் பக்கம் கொடுத்தீர்கள். அடுத்த இதழில் அதே அளவு இடம் பக்கவாதத்துக்குக் கொடுங்கள். வாய் கோணுதல், ஒரு கை தூக்க முடியாமை, பேச்சுக் குழறல் ஆகிய மூன்றையும் பெரிய எழுத்தில் போட்டு, ஏன் காலைவரை காத்திருக்கக் கூடாது என்பதையும் ஒரு நரம்பியல் மருத்துவரை வைத்து எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகி,
திருச்சி.