கன்றுகளின் எண்ணிக்கை கார்பன் கணக்கு ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நட்ட கன்றுகளின் எண்ணிக்கையை மரம் ஒன்றுக்கு இத்தனை கிலோ என்று பெருக்கி, இவ்வளவு கார்பன் சேமிக்கப்பட்டது என விழா மேடைகளில் அறிவிக்கும் வழக்கம் நெல்லைச் சீமையிலும் பரவி வருகிறது. மரம் நடுவோரின் உழைப்பு போற்றத்தக்கது. ஆனால் அந்தப் பெருக்கல் நம்மிடம் உள்ள உண்மையான கார்பன் இருப்பைக் காட்டுவதில்லை. மண்ணிலுள்ள இருப்பையோ அது அறவே விட்டுவிடுகிறது.

ஒரு காட்டின் கார்பன், தரைக்கு மேலுள்ள மரம், தரைக்குக் கீழுள்ள வேர், பட்டுப்போன மரம், சருகு, மண் என்று ஐந்து பகுதிகளாகக் கணக்கிடப்படுகிறது. டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு அறிக்கை, நாட்டின் காடுகளில் சுமார் 728 கோடி டன் கார்பன் இருப்பதாக மதிப்பிட்டுள்ளது. அதில் பாதிக்கு மேல் மண்ணில்தான் இருக்கிறது. மேடைக் கணக்கு தொடாமல் விடுவது இந்தப் பெரும்பங்கைத்தான்.

மரத்தின் கணக்கும் எளிதன்று. தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் அடிமரத்தின் சுற்றளவை எடுத்து, அந்த இனத்துக்கான சமன்பாட்டில் இட்டு உலர் எடையைக் கண்டறிகிறார்கள். அதில் ஏறத்தாழ 47 சதவீதம் கார்பன். ஒரே சுற்றளவுள்ள தேக்குக்கும் முருங்கைக்கும் மரத்தின் அடர்த்தி வேறு என்பதால் விடையும் வேறு. நம் செம்மணல் தேரிக்காட்டுப் பனைக்கோ இந்த முறையே பொருந்தாது. பனை மற்ற மரங்களைப் போல ஆண்டுக்கு ஆண்டு பருப்பதில்லை, உயரத்தான் செய்கிறது. ஆகவே உயரத்தை அளக்காமல் சுற்றளவை மட்டும் வைத்துக் கணக்கிட்டால், இளம்பனையும் முதிர்ந்த பனையும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். செயற்கைக்கோள் படத்தை மட்டும் நம்புவதிலும் இதேபோன்ற சிக்கல் உண்டு. ஒரு ஹெக்டேருக்குக் குறையாத பரப்பில் 10 சதவீதம் மரக்கவிகை, அதாவது மேலிருந்து பார்க்கையில் மரத்தலைகள் மூடும் பரப்பு, இருந்தால் அது வனப்பரப்பு என்பதே நடைமுறையில் உள்ள வரையறை. அதன்படி கடையம் பக்கத்துத் தென்னந்தோப்பும், களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் பசுமைமாறாக் காடும் வனப்பரப்பிலேயே சேர்கின்றன.

மண்ணை அளப்பதில்தான் மிகுந்த கவனம் வேண்டும். உழவர்களுக்கு வழங்கப்படும் மண்வள அட்டையில் அங்ககக் கரிமம், அதாவது மக்கிய உயிர்ப்பொருளில் உள்ள கார்பன், சதவீதமாக அச்சாகிறது. உரப் பரிந்துரைக்கு அது போதும், கார்பன் கணக்குக்குப் போதாது. அட்டைக்கான மாதிரியை மேல்மண்ணில் அரை அடி ஆழத்துக்கு வெட்டி எடுக்கிறோம். கார்பன் இருப்புக்கோ குறைந்தது 30 சென்டிமீட்டர் ஆழம் வேண்டும். அதோடு, இரும்பு வளையத்தை மண்ணில் அடித்து இறக்கி, உள்ளிருக்கும் மண்ணைக் கலையாமல் எடுத்து, அடுப்பில் உலர்த்தி நிறுத்து, அதன் அடர்த்தியையும் அறியவேண்டும். 30 சென்டிமீட்டர் ஆழம் முழுவதும் அரை சதவீதம் கரிமம் உள்ள ஒரு ஹெக்டேர் வயலில், கன சென்டிமீட்டருக்கு 1.4 கிராம் அடர்த்தி என்றால் கார்பன் 21 டன், 1.2 கிராம் என்றால் 18 டன். சதவீதம் ஒன்றே, ஆனாலும் 3 டன் வேறுபடுகிறது. கரியமில வாயுவாக மாற்றினால் அது 11 டன். கோவில்பட்டி, சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசலில் இன்னொரு கவனமும் தேவை. அங்கே மண்ணோடு சுக்கான்கல் என்னும் சுண்ணாம்புக் கட்டிகள் கலந்திருக்கும். மாதிரியை உயர் வெப்பத்தில் எரித்து மொத்தக் கார்பனை அளந்தால், சுண்ணாம்பிலுள்ள கார்பனும் சேர்ந்து வந்து, பயிரும் தொழுவுரமும் சேர்த்ததுபோல் கணக்கை ஊதிக்காட்டும்.

இந்த நுணுக்கங்கள் ஆய்வகத்தோடு முடிபவை அல்ல. சேமித்த கார்பனைக் கணக்கிட்டு விற்கும் கார்பன் வரவுச் சந்தை வளர்ந்துவரும் வேளையில், உழவர்களிடம் பல்லாண்டு ஒப்பந்தங்களை நீட்டுவோரும் வரத்தான் செய்வார்கள். தொடக்க இருப்பு அளக்கப்படாத நிலத்தில் எவ்வளவு கூடியது என்று எவராலும் சொல்ல முடியாது. கூடியதும் நிலைத்திருக்க வேண்டும். ஒரு கோடைத் தீயிலோ மறு உழவிலோ அது காற்றோடு போனால் பொறுப்பு யாருடையது என்பதைக் கையெழுத்திடும் முன்பே உழவர் கேட்டறிய வேண்டும். மண் மாதிரி எடுக்காமல் தொகை பேசும் எந்த ஒப்பந்தத்திலும் கையொப்பமிட வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

நம் பகுதிக்கு இப்போது அரிய வாய்ப்பு ஒன்று இருக்கிறது. 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்ட மாஞ்சோலைத் தேயிலைத் தோட்ட மலைநிலத்தின் குத்தகைக்காலம் 2028இல் நிறைவடைகிறது. அங்கே தலைமுறைகளாக உழைத்த தொழிலாளர்களின் மறுவாழ்வுதான் முதற்கடமை. அதைப் பின்னுக்குத் தள்ளி இதைச் சொல்லவில்லை. ஆனால் தேயிலை நின்ற நிலம் மீண்டும் காடாகும்போது மண்ணில் கார்பன் எந்த வேகத்தில் ஏறுகிறது என்பதை அறிய வேண்டுமானால், முதல் அளவை இப்போதே எடுத்தாக வேண்டும். தேயிலைச் சரிவிலும், அதை ஒட்டிய இயற்கைக் காட்டிலும் நிலையான மாதிரித் திடல்களை அமைத்து, எல்லைக்கல் நட்டு, அதே இடத்தில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை, அதே ஆழத்தில், அதே முறையில் அளக்கவேண்டும். தாமிரபரணிப் பாசன வயல்கள், குளத்து வண்டல் இட்ட புன்செய்கள், தேரிக்காடு ஆகியவற்றிலும் சில திடல்கள் வேண்டும். வனத்துறையும் வேளாண்மைத்துறையும் இதை இணைந்து நடத்தி, முடிவுகளை அளவுப் பிழையின் வரம்போடு தமிழில் வெளியிட்டு, அந்தந்த ஊர்க் கிராமசபையில் வைக்குமாறு மாவட்ட நிர்வாகத்தைத் தங்கள் இதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
கல்லிடைக்குறிச்சி.