ஒபாமா ஏன் ஐடஹோ போனார்?

எடிசன், நியூ ஜெர்சி
3 பிப்ரவரி 2008

அன்புள்ள முத்தையா,

உன் கடிதம் பொங்கல் முடிந்து ஒரு வாரம் கழித்துக் கைக்கு வந்தது. ஹெட்மாஸ்டர் ஆகிவிட்டதைக் கடைசிப் பக்கத்தில், அதுவும் அரை வரியில் எழுதுகிறவன் நீ ஒருத்தனாகத்தான் இருப்பாய். முதல் இரண்டு பக்கமும் ஒபாமா, ஒபாமா! வாழ்த்துகள். சிவகாமிதான் இதில் அதிகம் சந்தோஷப்பட்டிருப்பாள், அவளிடம் நான் கேட்டதாகச் சொல்.

இங்கே எல்லோரும் சுகம். மீனாட்சிக்கு முழங்கால் வலி, குளிர் வந்தால் கூடவே வரும். பெண் காலேஜில் இரண்டாம் வருஷம். இந்தச் செவ்வாய்க்கிழமை அவள் முதல் ஓட்டுப் போடப்போகிறாள், அதனால் வீட்டில் நாங்கள் பேசுகிற எதையும் அவள் காதில் போட்டுக்கொள்வதில்லை. ராத்திரி பத்து மணிவரை முன்பின் தெரியாத ஊர்க்காரர்களுக்குப் போன் போட்டு ஒபாமாவுக்கு ஓட்டுக் கேட்கிறாள். எங்களுக்குப் போன் போட்டு ஒரு வாரம் ஆகிறது.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். "கறுப்பரை அமெரிக்கா தேர்ந்தெடுக்குமா, அல்லது ஹிலாரிதானா? நேர்மையாகச் சொல்" என்று கேட்டிருந்தாய். நேர்மையாகச் சொன்னால், இப்போதைக்கு அது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, ஓட்டை எப்படி எண்ணுகிறார்கள் என்பது. நீ படிக்கும் பத்திரிகைகளில் அதைப் பற்றி யாரும் எழுதுவதாகத் தெரியவில்லை. யார் கண் கலங்கினார், யார் நன்றாகப் பேசினார், இவ்வளவுதான்.

நம் ஊரில் வேட்பாளரைத் தலைமை அறிவிக்கும், நாம் சுவரொட்டியில் பார்த்துத் தெரிந்துகொள்வோம். இங்கே கட்சியின் வேட்பாளர் யார் என்பதையே மக்கள்தான் ஓட்டுப் போட்டு முடிவு செய்ய வேண்டும். அதுவும் ஒரே நாளில் இல்லை, மாநிலம் மாநிலமாக ஐந்து மாதம். போட்ட ஓட்டு நேராக வேட்பாளருக்குப் போகாமல், கட்சி மாநாட்டுக்குப் போகும் டெலிகேட்டுகளாக, அதாவது பிரதிநிதிகளாக, மாறும். ஒபாமாவும் ஹிலாரியும் மோதும் ஜனநாயகக் கட்சியில் 2,025 டெலிகேட் சேர்த்தவர் ஜெயிப்பார். மொத்த டெலிகேட்டுகளில் எண்ணூறு பேருக்குக் கொஞ்சம் குறைவாக "சூப்பர் டெலிகேட்" என்று ஒரு ஜாதி. எம்.பி.க்கள், கவர்னர்கள், கட்சிப் பெரிசுகள். இவர்களை எந்த ஓட்டும் கட்டுப்படுத்தாது, மனசுக்குப் பிடித்தவருக்குக் கை தூக்கலாம். இதைச் சொன்னபோது என் பெண்ணுக்கு வந்த கோபத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

இதுவரை நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜனவரி 3 அன்று அயோவாவில் ஒபாமா முதலிடம், ஹிலாரி மூன்றாவது. அங்கே ஓட்டுப்பெட்டியே கிடையாது. சாயங்காலம் பள்ளிக்கூட ஜிம்மில் கூடி, ஒபாமா ஆட்கள் இந்த மூலை, ஹிலாரி ஆட்கள் அந்த மூலை என்று நின்று, தலையை எண்ணுகிறார்கள். 15 சதவீதம் தேறாத கூட்டம் கலைந்து வேறு மூலைக்குப் போகலாம், பக்கத்து மூலைக்காரன் வந்து கையைப் பிடித்து இழுப்பான். சி-ஸ்பான் டி.வி.யில் நேரடியாகக் காட்டினார்கள், அசல் கிராமப் பஞ்சாயத்து. நான் அன்று கவனித்தது கூட்டத்தின் அளவைத்தான். 2004இல் வந்ததைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்குப் பேர். பனியில், ராத்திரியில், ஒரு மணி நேரம் நிற்பதற்காக!

ஐந்து நாள் கழித்து நியூ ஹாம்ஷயரில் எல்லாக் கருத்துக்கணிப்பும் ஒபாமா என்றது, ஹிலாரி ஜெயித்தார். முந்தின நாள் போர்ட்ஸ்மத்தில் ஒரு காபிக் கடையில் அவர் குரல் தழுதழுத்ததுதான் காரணம் என்று டி.வி.க்காரர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். எனக்கு அது பாதிதான் நம்பிக்கை. நெவாடாவிலும் ஓட்டில் ஹிலாரி முன்னால், ஆனால் டெலிகேட் கணக்கில் ஒபாமாவுக்கு 13, ஹிலாரிக்கு 12. தெற்குக் கரோலினாவில் ஒபாமா 55 சதவீதம், ஹிலாரி 27. அன்றைக்கே ஹிலாரியின் கணவர் பில் கிளின்டன், கறுப்பினத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சனை இழுத்து, "ஜாக்சன்கூட இங்கே 84லும் 88லும் ஜெயித்தார்" என்கிற மாதிரி ஒன்றைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார். இது கறுப்பர்கள் போட்ட ஓட்டு, பெரிதாக எடுத்துக்கொள்ளாதே என்பதுதானே அதன் பொருள்? இரண்டு நாளில் ஜனாதிபதி கென்னடியின் தம்பி, செனட்டர் டெட் கென்னடி ஒபாமா பக்கம் வந்து நின்றார். கிளின்டன் குடும்பத்துக்கு இதைவிட வலிக்கிற அடி கிடையாது.

புளோரிடாவைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஹிலாரி அங்கே ஜெயித்தார்தான், விழாகூட எடுத்தார். ஆனால் புளோரிடாவும் மிச்சிகனும் கட்சி சொன்ன தேதிக்கு முன்பே தேர்தல் வைத்ததால் இரண்டு மாநிலத்தின் டெலிகேட்டுகளையும் கட்சி பறித்துவிட்டது. மிச்சிகனில் ஒபாமா பெயர் ஓட்டுச்சீட்டிலேயே இல்லை. இப்போதைக்கு இரண்டும் பூஜ்யம். பின்னால் இழுபறி வந்தால் இதை வைத்து ஒரு சண்டை நிச்சயம்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். நாளை மறுநாள், பிப்ரவரி 5, ஒரே நாளில் ஜனநாயகக் கட்சிக்கு மட்டும் 22 மாநிலங்களில் தேர்தல். கலிபோர்னியா, நியூ யார்க், எங்கள் நியூ ஜெர்சி எல்லாம் அதில். இந்த மூன்றிலும் ஹிலாரிதான் முன்னணி என்கிறார்கள். அன்றே ஆட்டம் முடிந்துவிடும் என்பது அவருடைய ஆட்களின் கணக்கு. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஏனென்று பார். ஜனநாயகக் கட்சியில் ஓட்டு விகிதப்படிதான் டெலிகேட்டைப் பிரிக்கிறார்கள், அதுவும் பெரும்பாலும் தொகுதி வாரியாக. ஒரு தொகுதிக்கு 4 டெலிகேட் என்று வை. ஹிலாரி 60, ஒபாமா 40. உன் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியாரைக் கேள், 2.4-க்கு 1.6. முழு எண்ணாக்கினால் ஆளுக்கு இரண்டு! இருபது சதவீதம் கூடுதலாக வாங்கியும் லாபம் சுழி. 62.5 சதவீதத்தைத் தாண்டினால்தான் 3-1 ஆகும். ஆனால் 3 டெலிகேட் உள்ள தொகுதியில் 51 வாங்கினாலே 2-1. இப்படிப்பட்ட விதியில் பெரிய மாநிலத்தை ஜெயித்து யாரையும் வீட்டுக்கு அனுப்ப முடியாது.

நேற்றுச் சனிக்கிழமை ஒபாமா எங்கே இருந்தார் தெரியுமா? ஐடஹோவில்! உருளைக்கிழங்கு விளையும் ஊர். 1964க்குப் பிறகு ஜனாதிபதித் தேர்தலில் ஜனநாயகக் கட்சிக்கு ஓட்டே போடாத மாநிலம். பாய்சி நகரில் பதினாலாயிரம் பேர் திரண்டார்களாம். அங்கே கிடைக்கும் டெலிகேட் வெறும் 18. நியூ ஜெர்சிக்கு 107. பைத்தியமா என்று முதலில் நினைத்தேன். பிறகு காகிதத்தை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். இங்கே ஹிலாரி 55-45 என்று ஜெயித்தால் லாபம் பத்து, பதினொன்று. ஐடஹோவில் அயோவா மாதிரி மூலையில் நிற்கிற கூட்டம்தான், ஆர்வம் உள்ளவன்தான் வருவான். அங்கே ஒபாமா ஐந்தில் நாலு பங்கு அள்ளினால் 14-4, அவருக்கும் லாபம் பத்து. நியூ ஜெர்சிக்குச் சொந்தமாகப் பெரிய டி.வி. கிடையாது, விளம்பரம் போட வேண்டுமென்றால் நியூ யார்க், பிலடெல்பியா நிலையங்களுக்குக் கொட்டி அழவேண்டும். ஐடஹோவில் அந்தப் பணத்தில் ஒரு துளி போதும். இதே கதைதான் கான்சஸ், வடக்கு டகோட்டா, அலாஸ்கா, கொலராடோ, மினசோட்டாவிலும். ஹிலாரி பக்கம் பெரிய தலைகள் எல்லாம் இருந்தும் இதை யாருமே உட்கார்ந்து கூட்டிப் பார்க்கவில்லையா என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

பணமும் இப்போது ஒபாமாவுக்குப் பிரச்சினை இல்லை. ஜனவரி மாதம் மட்டும் 3 கோடியே 20 லட்சம் டாலர் சேர்த்தேன் என்று அறிவித்திருக்கிறார். பலர் இண்டர்நெட்டில் இருபத்தைந்து, ஐம்பது என்று அனுப்புகிறவர்கள். என் பெண்ணும் அனுப்பியிருக்கிறாள், என் கார்டில்.

குடியரசுக் கட்சிக் கதை வேறு. அங்கே பல மாநிலங்களில் ஒரு ஓட்டு அதிகம் வாங்கினாலும் மொத்த டெலிகேட்டும் அவருக்கே. நியூ யார்க், நியூ ஜெர்சி, மிசௌரி எல்லாம் அப்படித்தான். நியூ யார்க்கின் முன்னாள் மேயர் ஜூலியானிக்காகவே செய்த விதி மாதிரி இருந்தது, பாவம், அவர் புளோரிடாவோடு மூட்டை கட்டிவிட்டார். போன வருஷம் பூராவும் தேசியக் கருத்துக்கணிப்பில் முதலிடம்! அவர் வாயைத் திறந்தால் ஒரு பெயர்ச்சொல், ஒரு வினைச்சொல், அப்புறம் செப்டம்பர் 11, இவ்வளவுதான் என்று ஜனநாயகக் கட்சிப் போட்டியில் இருந்த ஜோ பைடன் ஒரு விவாதத்தில் அடித்தாரே, அதிலிருந்து ஜூலியானி எழவே இல்லை. பைடனும் எழவில்லை, அது வேறு விஷயம்.

லாபம் அடைபவர் மக்கெயின். போன கோடையில் கையில் காசில்லாமல், தன் பையைத் தானே தூக்கிக்கொண்டு விமானத்தில் ஏறியவர். 2000இல் புஷ் ஆட்கள் தன்னைப் புதைத்த அதே தெற்குக் கரோலினாவில் இந்த முறை ஜெயித்தார். ஹனோய் சிறையில் ஐந்தரை வருஷம் இருந்த மனிதர், பிடிவாதத்துக்குக் கேட்க வேண்டுமா? வயது 71. அவரோடு மோதும் ராம்னியிடம் பணமும் கலையாத தலைமுடியும் இருக்கின்றன. ஆனால் அவர் மார்மன் என்ற மதப்பிரிவைச் சேர்ந்தவர் என்பதால், இன்னொரு போட்டியாளர் ஹக்கபி பக்கம் இருக்கும் தெற்கத்திச் சபைக்காரர்கள் நெருங்கமாட்டேன் என்கிறார்கள். ராம்னி, ஹக்கபி இருவரும் ஓட்டைப் பிரித்துக்கொள்ள, நடுவில் மக்கெயின் செவ்வாயோடு கதையை முடித்துவிடுவார். ஹக்கபியை உபஜனாதிபதியாக வைத்துக்கொள்வார் என்பது என் ஊகம்.

உனக்குப் பிடித்த இந்தியா விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். இங்கே நம்மவர்களில் பணம் உள்ளவர்கள் பெரும்பாலும் ஹிலாரி பக்கம். போன ஜூனில் ஒபாமா ஆட்கள், ஹிலாரி இந்தியாவோடு ரொம்ப நெருக்கம் என்று காட்ட, அவரை "பஞ்சாப் உறுப்பினர்" என்று கிண்டல் செய்து ஒரு குறிப்பு வெளியிட்டு, அப்புறம் ஒபாமா முட்டாள்தனம் என்று சொல்லி வருத்தம் தெரிவித்தார். எடிசன் கடைத்தெருவில் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிற மாமாக்கள் உண்டு. அவர்கள் பிள்ளைகள் ஒபாமா சட்டை போட்டுக்கொண்டு திரிகிறார்கள்.

நவம்பருக்கு வருவோம். அங்கே மாநிலத்துக்கு இத்தனை என்று எலெக்டர் ஓட்டுகள் உண்டு, ஜெயிக்க 270 வேண்டும். 2004இல் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் கெர்ரி ஜெயித்த மாநிலங்களைத் தக்கவைத்துக்கொண்டு ஒஹையோவின் 20ஐ மட்டும் சேர்த்தாலே போதும், ஜனநாயகக் கட்சி ஆட்சிதான். அந்த ஒஹையோவில் அப்போது வித்தியாசம் ஒரு லட்சத்துச் சொச்சம் ஓட்டு. இப்போது நிலைமையைப் பார். வெள்ளிக்கிழமை வந்த கணக்கில் ஜனவரியில் 17,000 வேலைகள் குறைந்துவிட்டன, நான்கு வருஷத்தில் முதல் தடவை. எங்கள் தெருவிலேயே மூன்று வீட்டில் விற்பனைப் பலகை, இலையுதிர் காலத்திலிருந்து நிற்கிறது. ஈராக்கில் நூறு வருஷம் இருந்தால்கூடச் சரி, நம் ஆட்கள் அடிபடாதவரை, என்று மக்கெயின் நியூ ஹாம்ஷயரில் சொல்லியிருக்கிறார். அதில் பின்பாதியை நவம்பரில் யாரும் ஞாபகம் வைத்திருக்கப்போவதில்லை. ஆகவே அவருக்கு இருக்கும் ஒரே வழி, ஹிலாரியும் ஒபாமாவும் கோடைவரை மோதி மனக்கசப்பில் முடிவது. டெலிகேட் விதி அதற்குத்தான் வழி செய்கிறது. ஒபாமா வந்தால் வர்ஜீனியாகூடக் கிடைக்கும் என்கிறாள் என் பெண். அதுவும் 1964க்குப் பிறகு அசையாத மாநிலம். எனக்கு நம்பிக்கை இல்லை.

நான் யாருக்கு? ஹிலாரிக்கு. உனக்கு ஏமாற்றமாக இருக்கும். 2002இல் ஈராக் போருக்கு அவர் கை தூக்கியதையும், அதே அக்டோபரில் சிகாகோவில் ஒபாமா எதிர்த்துப் பேசியதையும் நான் மறக்கவில்லை. ஆனால் எனக்கு வேலை போன அந்த எட்டு மாதம் இன்சூரன்ஸ் இல்லாமல், மீனாட்சிக்கு ஒரு ஸ்கேன் எடுக்க யோசித்துத் தள்ளிப்போட்டதும் மறக்கவில்லை. வியாழக்கிழமை லாஸ் ஏஞ்சல்ஸில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ரொம்ப மரியாதையாக, இதைப் பற்றித்தான் நிறைய பேசினார்கள். எல்லோருக்கும் இன்சூரன்ஸ் கட்டாயம் என்கிறார் ஹிலாரி. குழந்தைகளுக்கு மட்டும் கட்டாயம், பெரியவர்களுக்கு விலையைக் குறைத்தால் அவர்களே வாங்கிக்கொள்வார்கள் என்கிறார் ஒபாமா. திடமாக இருக்கிறவன் வாங்கமாட்டான், நோயாளி மட்டும் வாங்குவான், பிறகு விலை எப்படிக் குறையும்? இந்த ஒன்றில் அவர் விவரம் பத்தாதவர் என்று படுகிறது.

ஆனால் பந்தயம் கட்டச் சொன்னால் ஒபாமா மேல்தான் கட்டுவேன், அதற்குக் காரணம் ஐடஹோ. மார்ச் 4இல் ஒஹையோ, டெக்சாஸ் வரை இழுக்கும், அதற்கு மேலும் போகலாம். சூப்பர் டெலிகேட்டுகள் ஹிலாரி பக்கம் சாய்ந்தால் மட்டும் என் கணக்குத் தப்பும். மக்கள் ஓட்டில் முந்தியவரைத் தள்ளிவிட்டு அவர்கள் ஊர் திரும்ப முடியுமா, சொல்.

செவ்வாய்க்கிழமை காலையில் ஆபீஸ் போகும் வழியில் ஓட்டுப் போட்டுவிடுவேன். பக்கத்துத் தொடக்கப் பள்ளிதான் சாவடி. பெரிய நோட்டில் போன தடவை போட்ட கையெழுத்தின் நகல் அச்சாகி இருக்கும், அதன் பக்கத்தில் இப்போது போட வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்கிற பாட்டிக்கு என் தமிழ்க் கையெழுத்தின் மேல் எப்போதும் ஒரு சந்தேகம். நான் இதுவரை எந்தக் கட்சியிலும் பதிந்துகொள்ளவில்லை, செவ்வாயோடு ஜனநாயகக் கட்சிக்காரன் ஆகிவிடுவேன்.

முடிவு வந்ததும் எழுதுகிறேன். உன் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் வந்துவிட்டதாக எழுதியிருந்தாயே, ஒரு ஈமெயில் முகவரி போட்டுக்கொள், இந்தத் தபால் போய்ச் சேரும்போது மேலும் ஏழெட்டு மாநிலம் முடிந்திருக்கும்.

அன்புடன்,
சுந்தரம்