காஃபின் வெல் பலகைக்குக் கைகொடுத்தவர்களுக்கு

இங்கிலாந்தின் டெர்பிஷையரில் உள்ள எங்கள் டிசிங்டன் கிராமத்தில், ஆண்டுதோறும் களிமண் பூசிய மரப்பலகைகளில் பூவிதழால் படம் பதித்து ஊற்றருகே நிறுத்துவோம். இந்த முறையும் ஆறு ஊற்றுகளும் இயேசுவின் விண்ணேற்ற விழா வியாழனன்று பூவோடு நின்றன. அவற்றுள் ஒன்றான காஃபின் வெல் ஊற்றின் பலகையில் செவ்வாய் இரவு கொட்டகையில் களிமண் வெடித்தது டெர்பிஷையர் முழுக்கத் தெரியும். அதை மறுபடி சொல்லப்போவதில்லை.

முதல் நன்றி எதிர்வீட்டு அம்மாவுக்கு. யாரும் கூப்பிடவில்லை. ஒரு வாளியும் நான்கு பழைய பருத்தி விரிப்புகளுமாக வந்து நின்றார். வெடிப்பில் தண்ணீர் ஊற்றப்போன கையைப் பிடித்து நிறுத்தினார். ஊற்றினால் களிமண் ஆணிகளை விட்டுக் கழன்று, பலகையை நிமிர்த்தும்போது மொத்தமாகச் சரிந்துவிடும். பலகை போதிய நாள் ஊறாததுதான் கோளாறு: காய்ந்த மரம் பின்னாலிருந்து ஈரத்தை உறிஞ்ச, களிமண் சுருங்கிப் பிளந்திருந்தது. உப்புக் கலந்த புதுக் களிமண்ணை வெண்ணெய்ப் பதத்துக்கு மிதிக்கவைத்தார். வெடிப்பின் இரு ஓரத்தையும் நனைத்து, கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி நிரப்பினார். பலகையின் முதுகை நனைத்து, பூ வைக்காத இடத்தை ஈர விரிப்பால் மூடினார். விடியும்வரை அந்தத் துணி காயவேயில்லை.

காலையில் இதழ் பதித்தபோதும் அவர் சொன்னபடிதான் நடந்தது: கீழ்வரிசையில் தொடங்கி, மேல்வரிசை அதன்மேல் படியும்படி, ஓடு வேய்வதுபோல. புதன் மாலை மழையில் ஓர் இதழ்கூட உதிரவில்லை.

படத்தின் கோடுகளுக்கு ஆல்டர் மரக் காய் பொறுக்கிய பிள்ளைகள், ஹைட்ரேஞ்சா இதழ் உதிர்த்துத் தந்தவர்கள், பாசி கொண்டுவந்தவர்கள், அந்தப் பாரத்தைத் தூக்கி நிறுத்திய தோள்கள், தேநீர் ஊற்றியவர்கள், ஆசி வழங்கிய பாதிரியார், எல்லோருக்கும் நன்றி.

1349 கொள்ளைநோயில் இந்தத் தண்ணீர்தான் ஊரைக் காத்தது, அதற்கான நன்றிதான் இந்த வழக்கம் என்பார்கள் சிலர். 1615 வறட்சியில் ஊற்று வற்றாததற்கான நன்றி என்பார்கள் வேறு சிலர். எதுவானாலும், ஒரு வாரத்தில் வாடிப்போகும் வேலை இது. எந்தப் பூப்படமும் மிஞ்சுவதில்லை. பதம் தெரிந்த விரல்களிடமிருந்து பக்கத்தில் நிற்பவர் கற்றுக்கொள்வதால்தான் அடுத்த ஆண்டும் ஊற்று பூக்கிறது. செவ்வாய் இரவு அந்த அம்மாவின் பக்கத்தில் ஏழு பேர் நின்றோம்.

அடுத்த ஆண்டு பலகைகள் முழுசாக ஐந்து நாள் குளத்தில் கிடக்கும், மிதக்காதபடி மேலே கல் வைத்து. களிமண் மிதிக்கும் அன்றே அவர் வீட்டுக் கதவைத் தட்டுவோம்.

காஃபின் வெல் குழுவினர்