வாரண்டி ஒதுக்கீடு வெறும் சடங்கா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற வார வணிகப் பக்கத்தில் ஒரு பம்ப்செட் நிறுவனத்தின் லாபத்தைப் பாராட்டிய உங்கள் கட்டுரையாளர், "வாரண்டி ஒதுக்கீடு வெறும் கணக்குச் சடங்கு, வாங்குபவருக்கு அதில் ஒன்றுமில்லை" என்று போகிறபோக்கில் எழுதிவிட்டார். கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது குறுவை, சம்பா என்று வயலோடு இருக்கும் என்னால் அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை.

பின்னால் வரப்போகும் பழுதுச் செலவை, மோட்டாரை விற்கும்போதே கணித்து ஒதுக்க வேண்டும் என்பது இந்தியக் கணக்கியல் தரநிலை 37. முந்தைய வருடங்களில் எவ்வளவு பழுது பார்த்துக் கொடுத்தார்கள் என்பதை வைத்துத்தான் அந்தக் கணிப்பு. அனுபவத்தின்படி முறையாகக் கணித்து ஒதுக்கியதைச் செலவாகக் கழித்து வருமான வரியைக் குறைத்துக்கொள்ளலாம் என்று ரோடார்க் என்ற நிறுவனத்தின் வழக்கில் 2009-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. சரி, நியாயமான ஏற்பாடுதான்.

ஆனால் எங்கள் வீட்டில் நடந்தது வேறு. ஆற்றில் தண்ணீர் வர நாளாகும் என்று போர்வெல்லை நம்பி நாற்று விட்டிருந்தோம். வாரண்டி முடியாத சப்மெர்சிபிள் மோட்டாரின் கம்பிச் சுருள் (காயில்) எரிந்தது. கடைக்காரர் கம்பெனிக்குச் சொல்லியிருப்பதாகச் சொன்னார். கம்பெனி ஆள் வந்து சேர்வதற்குள் நாற்றங்கால் வெடித்துவிட்டது. வந்தவர் மோட்டாரைத் திறந்துகூடப் பார்க்காமல், "வோல்டேஜ் கோளாறு, வாரண்டி கிடையாது" என்று எழுதிக் கையெழுத்து கேட்டார். ரீவைண்டிங் செலவு எங்கள் தலையில்.

இப்படி மறுக்கப்படும் ஒவ்வொரு மோட்டாரும் பழுதுக் கணக்கில் ஏறாமலே போகிறது. அடுத்த வருடக் கணிப்பு குறைகிறது, செலவழியாமல் மிஞ்சிய ஒதுக்கீடு லாபத்துக்குத் திரும்புகிறது. அந்த லாபத்தைத்தான் உங்கள் பத்திரிகை நிர்வாகத் திறமை என்று எழுதுகிறது. வாங்குபவருக்கு இதில் ஒன்றுமில்லையா?

உங்கள் வணிகப் பக்கத்தின் மேல் எனக்குள்ள வருத்தம் இன்று நேற்று வந்ததல்ல. இயந்திரங்கள் பழசாவதற்காகக் கணக்கில் மட்டும் கழிக்கும், பணம் கையை விட்டுப் போகாத தேய்மானத்தை ஒருமுறை "இழப்பு" என்று தலைப்பிலேயே போட்டீர்கள். இன்னொரு முறை, ஒரு நிறுவனம் தானே வளர்த்த பிராண்டின் மதிப்பையும் சொத்துக் கணக்கில் சேர்த்துக் காட்டினீர்கள். விலை கொடுத்து வாங்கிய பிராண்டைச் சொத்தாகக் காட்டலாம், தானே வளர்த்ததைக் காட்டக் கூடாது என்பது தரநிலை 38. நீங்கள் பாடுபட்டு வளர்த்த உங்கள் பத்திரிகையின் பெயருக்கும் அதே விதிதான் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அப்போது நான் விளக்கமாக எழுதிய கடிதத்தை இரண்டு வரியாகச் சுருக்கி, விதி எது என்பதையே விட்டுவிட்டுப் பிரசுரித்தீர்கள். நாளெல்லாம் மனம் ஆறவில்லை. டெல்டாவில் உங்கள் பத்திரிகையைப் படிப்பவர்களில் பெரும்பாலோர் பங்கு வாங்குபவர்கள் அல்லர், பம்ப்செட்டும் பவர் டில்லரும் வாங்குபவர்கள். அவர்களையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

நான் கேட்பது பெரிதல்ல. வருடத் தொடக்கத்தில் இருந்த வாரண்டி ஒதுக்கீடு, புதிதாகச் சேர்த்தது, பழுதுக்குச் செலவிட்டது, செலவிடாமல் திருப்பி எடுத்தது ஆகியவற்றை ஆண்டறிக்கைக் குறிப்புகளில் தனித்தனியாகக் காட்ட வேண்டும் என்று அதே தரநிலை 37 சொல்கிறது. விவசாயக் கருவி விற்கும் நிறுவனத்தின் லாபத்தைப் பற்றி எழுதும்போது அந்த நான்கு எண்களையும் ஓரத்திலாவது சேர்த்துப் போடுங்கள். இந்தக் கடிதத்தையாவது சுருக்காமல் பிரசுரிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கர் ஒருவர்,
மன்னார்குடி