உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திடாதது பற்றி எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளப் பெருமக்களுக்கு,

வணக்கம். வேலூர் லாங்கு பஜாரை ஒட்டிய சந்தில் 1978இல் என் தந்தையார் தொடங்கிய இந்தத் தையல் மிஷின் கடையை உங்களுக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. உங்களில் பலர் முதல் மிஷினை அவரிடம் தவணையில் வாங்கியவர்கள். அந்த உரிமையில்தான், சில வாரங்களாக வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிவரும் ஒரு படத்தைப் பற்றி இந்த மடலை எழுதுகிறேன்.

கடந்த சுதந்திர தினத்தை ஒட்டி வணிக நண்பர்கள் சிலர் ஒரு படிவத்தைக் கடைகடையாகக் கொண்டுவந்தனர். நாட்டுக்கு என்றும் விசுவாசமாக இருப்பேன் என்றும், அதன் அடையாளமாக வெளிநாட்டுப் பொருள் எதையும் விற்கமாட்டேன் என்றும் அதில் அச்சிட்டிருந்தது. கையெழுத்திட்டவர்களுக்குக் கடை முகப்பில் ஒட்டிக்கொள்ள ஒரு மூவண்ண ஸ்டிக்கர் கொடுத்தார்கள். நான் கையெழுத்திடவில்லை. வந்தவர்களுக்கு டீ வரவழைத்து, காரணத்தையும் பொறுமையாகச் சொல்லித்தான் அனுப்பினேன். மறுவாரமே ஸ்டிக்கர் இல்லாத எங்கள் முகப்பின் படம் ‘தேசத்துரோகி கடை’ என்ற வரியுடன் வலம்வரத் தொடங்கிவிட்டது. அன்று கடை வாசலில் கட்டியிருந்த தேசியக் கொடி அந்தப் படத்தில் இல்லை. படம் எடுத்தவர் இரண்டடி இடப்பக்கம் நகர்ந்து நின்றிருந்தால் அதுவும் விழுந்திருக்கும்.

வியாபாரம் குறைந்ததைத் தாங்கிக்கொள்ளலாம். தாங்க முடியாமல் போனது வேறொன்று. கம்மவான்பேட்டையிலிருந்து வரும் அண்ணன் ஒருவர், ராணுவத்தில் பணியாற்றி ஓய்வுபெற்றவர், மனைவியின் தையல் கடைக்காகப் பல ஆண்டுகளாக எங்களிடமே பாபின் முதல் பெல்ட் வரை வாங்குபவர். சென்ற மாதம் வந்தவர் மேசைமேல் இருந்த, தையல் மிஷினை ஓட்டும் சர்வோ மோட்டாரை எடுத்துத் திருப்பி, அடியில் சீனத் தயாரிப்பு என்று இருந்த எழுத்தைப் படித்தார். மெதுவாக வைத்துவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் படியிறங்கிப் போய்விட்டார். வீட்டுக்கு ஒருவராவது படையில் இருக்கிற ஊர் என்று பெயர்பெற்ற ஊர்க்காரர் அவர். அவரிடம் நாட்டுப்பற்றைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று தெரியாமலே, இந்த மடலில் பாதியை அவருக்காகவே எழுதுகிறேன்.

அண்ணனும் ஒரு காலத்தில் உறுதிமொழி எடுத்தவர். படைவீரர் கையில் துப்பாக்கி இருக்கிறது, அமைச்சர் கையில் கோப்பு இருக்கிறது. அந்த அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தமாட்டோம் என்று மக்களுக்கு அவர்கள் வாக்குக் கொடுப்பது முறைதான். ஊசியும் நூலும் விற்கும் என் கையில் அப்படி என்ன இருக்கிறது? குடிமகனுக்கு அரசு பதில் சொல்ல வேண்டிய நாட்டில், குடிமகன் தன் விசுவாசத்தைப் பக்கத்துக் கடைக்காரரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதை என் மனம் ஏற்கவில்லை. அதிலும் கையெழுத்திடாதவன் துரோகி என்றாகிவிட்ட பிறகு, கையெழுத்திட்டவர் அன்பினால் இட்டாரா, அச்சத்தினால் இட்டாரா என்பதை யார் பிரித்துச் சொல்ல முடியும்? ஸ்டிக்கர் ஒட்டிய சில கடைகளிலும் இதே மோட்டார்தான் விற்கிறது. யாரையும் காட்டிக்கொடுக்க இதை எழுதவில்லை. அவர்களும் பிழைக்க வேண்டும்.

மக்கான் அருகே இருக்கும் நினைவுத் தூணை நாம் எல்லோரும் தினமும் கடந்துதான் போகிறோம். 1806 ஜூலை 10ஆம் தேதி வேலூர்க் கோட்டைக்குள் கிளர்ந்தெழுந்த சிப்பாய்கள் அத்தனை பேரும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விசுவாசமாக இருப்பதாகச் சத்தியம் செய்து சேர்ந்தவர்களே. நெற்றியில் சின்னம் கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தோல் பதக்கம் வைத்த புதிய தலைப்பாகையைத்தான் அணிய வேண்டும் என்று மேலிருந்து கட்டாயப்படுத்தியபோது, அந்தச் சத்தியம் தாங்கவில்லை.

இன்னொன்றும் இந்த ஊரோடு தொடர்புடையது. 1962இல் விலைவாசி உயர்வை எதிர்த்துப் போராடி வேலூர்ச் சிறைக்குப் போன அண்ணா, அவ்வாண்டு அக்டோபரில் சீனப் போர் மூண்டதும், அதுவரை தனிநாடு கேட்டுவந்த தம் கட்சியின் ஆதரவை நாட்டின் பாதுகாப்புக்கு அறிவித்தார். தேர்தலில் நிற்பவர்கள் நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டும் என்ற பதினாறாவது அரசியல் சட்டத் திருத்தம் அதற்குப் பிறகுதான், 1963 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. உறுதிமொழி வருவதற்கு ஓராண்டு முன்பே விசுவாசம் வந்துவிட்டது. 1986இல் கேரளத்தில் தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றும், மத நம்பிக்கை காரணமாகப் பாடாமல் இருந்த மூன்று பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கியது தவறு என்று உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. பிள்ளைகளுக்குக் கொடுத்த அந்த இடத்தைக் கடைக்காரனுக்கும் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இனி மோட்டாருக்கு வருகிறேன். பழைய கிளட்ச் மோட்டார், நீங்கள் தைத்தாலும் தைக்காவிட்டாலும் ஓடிக்கொண்டே இருக்கும். சர்வோ மோட்டார் பெடலை மிதிக்கும்போது மட்டும்தான் ஓடும். மின்கட்டணத்துக்கு அஞ்சும் வீட்டுத் தையல்காரப் பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய வேறுபாடு என்பதை அவர்களே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் பணம் கொடுத்து வாங்குகிறார்கள், எங்கோ ஒருவர் செய்து விற்கிறார், நடுவில் நான் சிறிது லாபம் பார்க்கிறேன். இதில் நாட்டுக்கு எந்த இடத்தில் துரோகம் நடக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

ஆம்பூரையும் வாணியம்பாடியையும் ராணிப்பேட்டையையும் எண்ணிப் பாருங்கள். அங்கே ஷூவின் மேல்பகுதியான அப்பரைத் தைக்கும் பெண்களின் கூலி, ஜெர்மனியிலும் இத்தாலியிலும் அமெரிக்காவிலும் யாரோ ஒருவர் இந்திய ஷூ வாங்குவதால் வருகிறது. அந்த நாடுகளின் கடைக்காரர்கள் எல்லோரும் இதே படிவத்தைத் தங்கள் மொழியில் அச்சிட்டுக் கையெழுத்திட்டால் நம் பெண்கள் எங்கே போவார்கள்? இது வெறும் கற்பனையும் அன்று. படிவம் வந்த அதே மாதம், 2025 ஆகஸ்ட் 27 முதல், அமெரிக்கா இந்தியப் பொருள்கள் பலவற்றுக்கு 50 விழுக்காடு வரி விதித்தது. அதன்பின் எங்கள் கடையில் ஷூ கம்பெனிகளுக்குப் போகும் நூல்கண்டின் விற்பனை இறங்கியதை எங்கள் கணக்குப் புத்தகமே சொல்கிறது. அது அநியாயம் என்று நாம் எல்லோரும் சொன்னோம். அதையே நாம் செய்தால் மட்டும் அதன் பெயர் நாட்டுப்பற்றா? உள்நாட்டில் மதிப்புக்கூட்டலும் வேலைவாய்ப்பும் பெருக வேண்டும் என்பதற்காகவே 2025 பட்ஜெட்டில் வெட் புளூ எனப்படும் பாதி பதனிட்ட தோலின் இறக்குமதி வரியை அரசே நீக்கியது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

என் தந்தையார் காலத்தில் நல்ல வெளிநாட்டு ஊசி ஒரு பாக்கெட் வந்தால், அதை ஒவ்வொன்றாகத்தான் விற்பார். வாங்கியவர்கள் மழுங்கியதைச் சாணைக்கல்லில் தீட்டித் தீட்டிப் பயன்படுத்துவார்கள். 1921–22இல் வேலூர்ச் சிறையில் இருந்த ராஜாஜி, பிற்காலத்தில் சுதந்திராக் கட்சியைத் தொடங்கி, பெர்மிட்–லைசென்ஸ் ராஜ்யம் என்று சாடியது, எதற்கும் அரசின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டிய இந்த நிலையைத்தான். 1991க்குப் பிறகு அது தளர்ந்தது. நுகர்பொருள்கள் மேலிருந்த இறக்குமதி அளவுக் கட்டுப்பாடுகளில் எஞ்சியவையும் 2001 ஏப்ரலில் போயின.

மறுபக்கம் எனக்குத் தெரியாமல் இல்லை. 20 ரூபாய்க்குக் குறைந்த சிகரெட் லைட்டர்களின் இறக்குமதியை அரசு 2023 ஜூனில் தடை செய்தபோது குடியாத்தத்தில் தீப்பெட்டி செய்பவர்கள் மகிழ்ந்தார்கள். அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் மகிழ்ந்திருப்பேன். ஆனாலும் வாங்குபவனுடைய கையைக் கட்டித்தான் விற்பவனை வாழவைக்க வேண்டுமா என்ற கேள்வி என்னை விடுவதாக இல்லை. எது எப்படியாயினும், அரசு தடை செய்த எதையும் இந்தக் கடை விற்றதில்லை. சீனப் பொருள் வேண்டாம் என்பது உங்கள் முடிவானால் அது முழுக்க உங்கள் உரிமை. சொன்னால் போதும், இந்தியத் தயாரிப்பையே எடுத்துத் தருவோம், அதன் விலையையும் குணத்தையும் உள்ளபடி சொல்வோம்.

சென்ற ஆண்டு விற்ற சில மோட்டார்களில் தயாரிப்பு நாட்டின் பெயர் பெட்டியில் தெளிவாக இல்லாமல் போனதாக ஓரிருவர் சொன்னார்கள். இனி அதைப் பில்லிலேயே எழுதித் தருகிறோம். மெக்கானிக் தம்பி சென்னைக்குப் போய்விட்டதால், வீட்டுக்கு வந்து பழுது பார்க்கும் கட்டணம் வரும் 1ஆம் தேதி முதல் 150 ரூபாய்க்குப் பதிலாக 250 ரூபாய் ஆகும்.

படம் சுற்றிய அதே வாரத்தில், தேவையே இல்லாமல் ஒரு டஜன் ஊசி வாங்கிக்கொண்டு கால்மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போன சத்துவாச்சாரி அக்காக்களுக்கும், “எங்க மிஷின உங்க அப்பா தானே குடுத்தாரு, நாங்க எங்க போவோம்” என்று போனில் சொன்ன காட்பாடிப் பெரியவருக்கும், பேர் சொல்லாத இன்னும் பலருக்கும் நானும் என் குடும்பத்தாரும் நன்றிக்கடன் பட்டிருக்கிறோம்.

கம்மவான்பேட்டை அண்ணனுக்கு: அண்ணி கொடுத்துவிட்டுப் போன ஓவர்லாக் மிஷின் தயாராகிவிட்டது. லூப்பர் மாற்றி, நான்கு நூலும் கோத்து, துணியில் ஓட்டிப் பார்த்து வைத்திருக்கிறேன். ஞாயிறு மதியம் வரை கடை திறந்திருக்கும்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர், வேலூர்